தாய்மரத்தின் நிழலில் கன்று ஏன் வாழ்வதில்லை?



நம் ஊர்ப்பக்கம் ஏறக்குறைய எல்லா ஆலய வளாகங்களிலும் ஒரு வேப்பமரம் நிற்கும். ஆனி, ஆடி மாதங்களில் அதன் பழங்கள் பழுத்து உதிரும். நல்ல மழை ஒன்று பெய்துவிட்டால் போதும், மரத்தடியில் பாய் விரித்தாற்போல் வேப்பங்கன்றுகள் முளைத்துவிடும். ஆனால் அடுத்த ஆண்டு அதே இடத்தைப் பாருங்கள். அந்தக் கன்றுகளில் ஒன்றுகூட முழங்கால் உயரம் வளர்ந்திருக்காது. அதே வேளையில், காகம் தின்று எச்சமிட்ட ஒரே ஒரு விதை, வளாகத்தின் மூலையில், மதிற்சுவரின் ஓரத்தில், யாரும் தண்ணீர் ஊற்றாமலே மரமாகி நிற்கும்.

ஆட்கள் மிதித்தார்கள், ஆடு கடித்தது, அதனால் அழிந்தன என்போம். அதுவும் உண்மைதான். ஆனால் ஆடும் ஆட்களும் போகாத அடர்ந்த மழைக்காட்டிலும் இதே கதைதான் நடக்கிறது. தாய்மரத்தின் காலடியில் ஆயிரக்கணக்கில் முளைக்கும் பிள்ளைகள் வாழாமல் போவது ஏன்? எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்வியை அறிஞர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்டு வருகிறார்கள். ஒரு காட்டில் ஏன் இத்தனை வகை மரங்கள் என்ற பெரிய கேள்விக்கான விடையும் இதற்குள்ளேதான் இருக்கிறது.

இதைப் பற்றி எழுதத் தூண்டியது எங்கள் சொந்தத் தோல்வி ஒன்று. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், டெல்டாவின் தென்னந்தோப்புகளையும் சாலையோர மரங்களையும் சாய்த்துவிட்டுப் போனதை நாம் மறக்கவில்லை. அதன்பின் எல்லா ஊர்களிலும் மரக்கன்று நடும் ஆர்வம் பிறந்தது. எங்கள் பங்கிலும் நட்டோம். ஒரே இனக் கன்றுகளை, ஒரே நாளில், நெருக்கமாக, வரிசையாக நட்டோம். ஒவ்வொரு கன்றுக்கும் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளை ஒருவரின் பெயரை அட்டையில் எழுதிக் கட்டினோம். புகைப்படமும் எடுத்தோம். மறு ஆண்டு சித்திரை வெயில் முடிந்தபோது அட்டைகள் பெரும்பாலும் மிஞ்சின, கன்றுகள் மிஞ்சவில்லை. "என் மரம் எங்கே?" என்று ஒரு சிறுமி கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடியபோது நாங்கள் கற்றுக்கொண்டதையே இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

நாற்றங்காலும் காடும்

நன்னிலம் வட்டாரத்து மக்களுக்கு நாற்று என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விதைநெல்லை ஊறவைத்து, முளைகட்டி, சேற்றில் தூவி, இளம்பச்சை நாற்றாகப் பறித்து முடிகட்டி நடுகிறோம். ஒரு வயலில் ஒரே ரகம், ஒரே உயரம், ஒரே நாளில் கதிர் வர வேண்டும் என்பதே நம் விருப்பம். அதற்காகவே களை எடுக்கிறோம், உரமிடுகிறோம், பூச்சி வந்தால் மருந்து தெளிக்கிறோம்.

இதில் ஓர் ஆபத்து உண்டு என்பதையும் நாம் அறிவோம். புகையான் ஓரிடத்தில் விழுந்தால் ஒரு வாரத்தில் வயலே எரிந்ததுபோல் ஆகிவிடும். குலைநோயும் அப்படித்தான். பக்கத்தில் நிற்பதெல்லாம் அதே ரகமாக இருப்பதால், பூச்சிக்கும் நோய்க்கும் தேடி அலையும் வேலை இல்லை. ஒரு பந்தியில் உட்கார்ந்ததுபோல் உண்டு முடித்துவிடும். மனிதர் மருந்தோடு காவல் நிற்பதால்தான் ஒரே ரகத்தின் வயல் நிற்கிறது.

காட்டில் காவல் நிற்பவர் யாருமில்லை. அங்கே நாற்றுக்கு மருந்தும் இல்லை, களையெடுப்பும் இல்லை. அப்படியானால் அங்கே என்ன நடக்கும்? ஒன்று, வலிமையான ஓர் இனம் மற்றவற்றை நெருக்கித் தள்ளிவிட்டுக் காட்டையே பிடித்துக்கொள்ள வேண்டும். அல்லது, பூச்சியும் நோயும் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். இரண்டும் நடப்பதில்லை. மாறாக, அங்கே இனங்கள் பெருகி நிற்கின்றன.

எவ்வளவு பெருகி நிற்கின்றன என்பதை அறிவதற்காகவே பல நாடுகளில் காட்டின் ஒரு பகுதியை அளந்து, அதிலுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் எண்ணிப் பார்க்கிறார்கள். நம் மாநிலத்தில் நீலகிரி மாவட்டத்து முதுமலையில், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த அறிஞர்கள் 1988-ஆம் ஆண்டு 50 எக்டேர் பரப்பில் இப்படி ஓர் ஆய்வுத் திடலை அமைத்தார்கள். அது இலையுதிர் காடு, மழை குறைவு. அங்கே ஏறத்தாழ 70 மர இனங்களே உண்டு. இலங்கையின் சிங்கராஜா மழைக்காட்டில் அதில் பாதியளவான 25 எக்டேரில் ஏறத்தாழ 200 இனங்கள் உள்ளன. பனாமா நாட்டின் பாரோ கொலராடோ தீவில் 50 எக்டேரில் ஏறத்தாழ 300 இனங்கள். மழையும் வெப்பமும் மிகுந்து, பூச்சியும் பூஞ்சையும் கொழிக்கும் இடத்தில்தான் இனங்கள் இத்தனை அதிகம் என்பது கவனிக்கத்தக்கது.

நமக்கும் அந்தக் காட்டுக்கும் என்ன தொடர்பு?

மலைக்காட்டைப் பற்றி நெல்வயலில் நின்றுகொண்டு ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். அரசலாறும் திருமலைராஜன் ஆறும் முடிகொண்டான் ஆறும் காவிரியின் கிளைகள். காவிரி பிறப்பது குடகு மலையின் தலைக்காவிரியில். அதன் துணையாறான கபினி வயநாட்டு மலைகளிலிருந்து வருகிறது. பவானியும் அமராவதியும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மக்களே. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பார்களா என்று ஆண்டுதோறும் நாம் செய்தியைப் பார்த்துக் காத்திருக்கிறோமே, அந்தத் தண்ணீரின் பெரும்பகுதி முதலில் விழுவது அந்த மலைச்சரிவுகளில்தான். அங்கே காடு இருந்தால் மழைநீர் சருகிலும் வேரிலும் இறங்கி, மண்ணில் தங்கி, மெல்லக் கசிந்து ஓடைக்கு வரும். காடு இல்லாவிட்டால் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஒரே நாளில் ஓடிவிடும்.

இன்று அந்தக் காட்டில் விரற்கடை உயரத்தில் நிற்கும் கன்றுகள்தாம் நம் பேரப்பிள்ளைகள் காலத்துக் காடு. ஆகவே அந்தக் கன்றுகளின் வாழ்வும் சாவும் நமக்கு அந்நியமான செய்தி அல்ல.

ஒரு விதை கன்றாகும் வரை

மழைக்காட்டின் தரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியாது. உச்சியில் விழும் வெயிலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வந்து சேரும். முளைத்த கன்று இந்த அரையிருட்டில்தான் தன் முதல் இலைகளை விரிக்க வேண்டும்.

பெரிய விதையுள்ள மரங்கள் தங்கள் பிள்ளைக்குக் கட்டுச்சோறு கட்டி அனுப்புகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் வெள்ளைக் குங்கிலிய மரத்தின் விதை அப்படிப்பட்டது. விதையில் உள்ள உணவைக் கொண்டு அதன் கன்று நிழலிலும் முளைத்து எழும். அதன்பின் ஆண்டுக்கு ஓரிரு இலை என்ற கணக்கில் வளர்ந்து பொறுமையாகக் காத்திருக்கும். என்றாவது பக்கத்தில் ஒரு பெரிய மரம் சாய்ந்து மேலே ஒரு சாளரம் திறந்தால், அந்த ஒளியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். வேறு சில மரங்களின் விதைகள் கடுகுபோல் சிறியவை. அவற்றுக்குக் காத்திருக்கும் வசதி இல்லை. வெயில் விழும் திறப்பில் விழுந்தால் விரைவாக வளரும், இல்லையேல் மடியும்.

இருட்டு ஒரு சோதனை என்றால், சருகு மூடிக் கன்றை நசுக்குவது மற்றொன்று. மேலிருந்து முறிந்து விழும் கிளை, கிளறித் தின்னும் பன்றி, இலையைக் கடிக்கும் மான், மழை தவறிய ஒரு கோடை என்று பட்டியல் நீளும். ஆனால் இவை எல்லா இனக் கன்றுகளையும் பொதுவாகத் தாக்குபவை. ஓர் இனம் மிகுவதையோ குறைவதையோ இவை மட்டும் தீர்மானிப்பதில்லை. அதற்கு வேறொரு காரணம் இருக்க வேண்டும்.

இருவர் தனித்தனியே கண்ட விடை

1970-ஆம் ஆண்டு டேனியல் ஜான்சன் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு கருத்தை வெளியிட்டார். அவர் நடு அமெரிக்கக் காடுகளில் விதைகளையும் அவற்றைத் தின்னும் பூச்சிகளையும் ஆராய்ந்தவர். மறு ஆண்டு, 1971-இல், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மழைக்காட்டில் கன்றுகளை எண்ணி வந்த ஜோசப் கானெல் என்பவரும் தனியே அதே முடிவுக்கு வந்தார். அறிவியல் உலகில் அந்தக் கருத்து இன்றும் இருவர் பெயராலும் வழங்குகிறது.

அவர்கள் சொன்னது இதுதான். ஒவ்வொரு மர இனத்துக்கும் அதற்கே உரிய எதிரிகள் உண்டு. அதன் விதையைத் துளைக்கும் வண்டு, அதன் தளிரைத் தின்னும் புழு, அதன் வேரை அழுக்கும் பூஞ்சை ஆகியவை பல ஆண்டுகளாகத் தாய்மரத்தைச் சுற்றிக் குடியிருக்கின்றன. பெரிய மரம் வலிமையுள்ளது, தாங்கிக்கொள்ளும். ஆனால் அதன் காலடியில் விழும் குழந்தை தாங்காது. விதைகள் நெருக்கமாக விழுந்திருப்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நோய் தாவுவதும் எளிது. எனவே தாய்க்கு அருகில் அதே இனத்தின் கன்று வாழாது. அந்த இடம் காலியாகும். அந்தக் காலியிடத்தில் அந்த எதிரிகளால் தீங்கில்லாத வேறோர் இனத்தின் கன்று வந்து வளரும்.

இதனால் எந்த இனம் மிகுதியாகப் பெருகுகிறதோ அதுவே அதிகம் தாக்கப்படுகிறது. எந்த இனம் அரிதாக இருக்கிறதோ அதைத் தேடிப் பிடிப்பது எதிரிக்குக் கடினம். மிகுந்தது குறைக்கப்படுகிறது, குறைந்தது காக்கப்படுகிறது. நம் கண்ணுக்கு வெறும் அழிவாகத் தோன்றும் ஒன்று, பலரும் சேர்ந்து வாழ இடம் ஒதுக்கித் தரும் ஏற்பாடாக இருக்கிறது.

நாற்றழுகல் சொன்ன உண்மை

கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுவிட்டவர்களுக்கு நாற்றழுகல் நோய் தெரியும். நெருக்கமாக விதைத்து, தண்ணீர் தேங்கி, நிழலும் இருந்தால், நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று தண்டின் அடிப்பகுதி கறுத்து மடிந்து கிடக்கும். மண்ணிலுள்ள பூஞ்சை செய்யும் வேலை இது.

பாரோ கொலராடோ தீவில் 1980-களின் தொடக்கத்தில் கேரல் ஆக்ஸ்பர்கர் என்ற பெண் அறிஞர், காற்றில் விதை பரப்பும் ஒரு மரத்தின் கன்றுகளைத் தொடர்ந்து கவனித்தார். இளங்கன்றுகளைக் கொன்றவற்றில் முதலிடம் இதே நாற்றழுகலுக்குத்தான் என்று கண்டார். தாய்க்கு அருகில் விழுந்த கன்றுகளில் சாவு மிகுதி. தொலைவில் விழுந்தவற்றில் குறைவு. வெயில் விழும் திறப்புகளில் இன்னும் குறைவு. நம் வீட்டுக் கொல்லையில் நாம் காண்பதும் பனாமாக் காட்டில் அவர் கண்டதும் ஒன்றே.

அதே தீவில் 53 மர இனங்களின் விதைகளை வலைத்தொட்டிகளில் சேகரித்து, முளைத்த கன்றுகளோடு ஒப்பிட்டு 2000-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. விதை அடர்த்தியாக விழுந்த இடங்களில் கன்றாகத் தப்பியவற்றின் விகிதம் குறைந்தது. 53 இனங்களிலும் இதே போக்குத்தான். அதன் பயனாக, மேலிருந்து விழுந்த விதைகளில் இருந்ததைவிட முளைத்து நின்ற கன்றுகளில் இன வகை மிகுந்திருந்தது. விதை நிலையிலிருந்து கன்று நிலைக்கு வருவதற்குள்ளேயே காடு தன்னைப் பலவகையாக்கிக் கொள்கிறது.

பூஞ்சையும் பூச்சியும் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். நடு அமெரிக்காவின் பெலீஸ் நாட்டுக் காட்டில் சிறுசிறு பாத்திகளில் சிலவற்றுக்குப் பூஞ்சைக்கொல்லியும், சிலவற்றுக்குப் பூச்சிமருந்தும் தெளித்தார்கள். சிலவற்றை அப்படியே விட்டார்கள். 2014-இல் வெளிவந்த முடிவு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. பூஞ்சைக்கொல்லி தெளித்த பாத்திகளில் கன்றுகளின் இன வகை குறைந்துவிட்டது. பூச்சிமருந்து தெளித்த பாத்திகளில் அதுவரை அடங்கியிருந்த சில இனங்கள் கட்டின்றிப் பெருகி, எந்த இனம் எத்தனை என்ற கணக்கே மாறிப்போனது. கன்றுகளைக் காப்பாற்றத் தெளித்த மருந்து காட்டின் பன்மையைக் குலைத்தது.

காட்டின் பன்மைக்கு இது ஒன்றே முழு விளக்கம் என்று அறிஞர்கள் சொல்வதில்லை. மண்ணின் தன்மை, ஒளியின் அளவு, மேடு பள்ளம், தற்செயல் ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் விவாதம் தொடர்கிறது. ஆனால் கன்றுப் பருவத்தில்தான் பெரும்பகுதி தீர்மானமாகிறது என்பதும், தன் இனத்தாரிடையே நெருங்கி நிற்பது கன்றுக்கு நல்லதன்று என்பதும் பல காடுகளில் மீண்டும் மீண்டும் காணப்பட்டவை.

பறவை தின்ற விதை

விதைப்பவர் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதில் வழியோரம் விழுந்த விதையைப் பறவைகள் தின்றுவிடுகின்றன, அது இழப்பாகிறது. தானியம் விதைக்கும் உழவனின் கண்ணோட்டம் அது, நம் வயலிலும் அப்படித்தான். ஆனால் மழைக்காட்டில் பல மரங்களுக்குப் பறவை தின்பதே விதைப்பு. தாய்மரத்தின் காலடி ஆபத்தான இடமென்றால், அங்கிருந்து குழந்தையைத் தூக்கிச் செல்ல யாராவது வேண்டுமல்லவா?

மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்த வேலையைச் செய்பவற்றுள் முதன்மையானது இருவாச்சி. பெரிய அலகுள்ள இந்தப் பறவை அத்தி, காட்டு ஜாதிக்காய், கருங்குங்கிலியம் போன்றவற்றின் பழங்களை விழுங்கி, நெடுந்தொலைவு பறந்து, விதையைக் கெடாமல் வெளியே போடும். ஆலயத் தூபத்திலும் வீட்டுச் சாம்பிராணியிலும் புகையும் குங்கிலியத்தில் ஒரு வகை இந்தக் கருங்குங்கிலிய மரத்தின் பிசின்தான். அந்த மரத்தின் அடுத்த தலைமுறை ஒரு பறவையின் சிறகை நம்பியிருக்கிறது. சிறு விதைகளை வௌவாலும் புனுகுப்பூனையும் குக்குறுவானும் சுமக்கின்றன.

பறவை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை அருணாசலப் பிரதேசத்தின் நம்தபா காட்டில் பார்த்திருக்கிறார்கள். வேட்டையும் மரவெட்டும் மிகுந்த பகுதியில் இருவாச்சிகள் குறைந்திருந்தன. அங்கே பெரிய விதைகள் பரவி வந்து சேர்வதும் குறைந்திருந்தது. எந்த இனக் கன்றுகள் முளைத்து வருகின்றன என்பதும் மாறியிருந்தது. 2015-இல் வெளியான ஆய்வு இது. மரங்கள் நிமிர்ந்து நிற்கும்போதே காடு பிள்ளையற்றதாகிக் கொண்டிருக்கலாம் என்பதை இது காட்டுகிறது.

காடு துண்டாகும்போது

காட்டின் நடுவே ஒரு சாலையோ தோட்டமோ வந்தால், வெட்டப்பட்ட பரப்பு மட்டும்தான் இழப்பு என்று எண்ணுகிறோம். மிஞ்சிய காட்டின் ஓரம் எப்படி மாறுகிறது என்பதை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே மேக்னா கிருஷ்ணதாஸ் என்ற அறிஞரும் உடன் உழைத்தவர்களும் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். பெலீஸில் செய்ததுபோலவே பூஞ்சைக்கொல்லியும் பூச்சிமருந்தும் பயன்படுத்தி, காட்டின் ஓரத்திலும் உட்பகுதியிலும் முளைக்கும் கன்றுகளை ஒப்பிட்டார்கள்.

உட்பகுதியில் மருந்து தெளித்தபோது கன்றுகளின் பன்மை குறைந்தது. அதாவது, அங்கே பூஞ்சையும் பூச்சியும் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன. ஆனால் ஓரப் பகுதியில் மருந்து தெளித்தாலும் தெளிக்காவிட்டாலும் பெரிய வேறுபாடு இல்லை. ஓரத்தில் அந்த எதிரிகளின் பிடி முன்பே தளர்ந்துவிட்டது. காடு துண்டு துண்டாகும்போது ஓரம் மிகுந்து உள் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பழைய ஏற்பாடும் ஓசையின்றி நின்றுபோகிறது. வெளியே நின்று பார்ப்பவருக்குப் பச்சை பச்சையாகவே தெரியும். உள்ளே, வரும் தலைமுறையின் வகைகள் குறைந்துகொண்டிருக்கும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடலின் 39-ஆம் பத்தியில் இதைத் தொட்டுச் சென்றார். இயற்கையான காட்டை அகற்றிவிட்டு அந்த இடத்தில் மரத்தோட்டம் அமைப்பது, அதுவும் பெரும்பாலும் ஒரே இன மரங்களை நடுவது, பல்லுயிர் வளத்துக்குப் பெருங்கேடாகலாம் என்பதை அவர் சுட்டிக்காட்டினார். மரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, எத்தனை வகை இருக்கிறது, அவற்றின் கன்றுகள் வருகின்றனவா என்றும் கேட்க வேண்டும்.

மீட்க முடியுமா?

முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. ஆனைமலையின் வால்பாறை மேட்டுநிலத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மழைக்காட்டின் சிறு துண்டுகள் மிஞ்சி நிற்கின்றன. அங்கே இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் என்ற அமைப்பைச் சேர்ந்த திவ்யா முடப்பா, டி. ஆர். சங்கர் ராமன் ஆகியோரும் அவர்களது குழுவினரும் இரண்டு பத்தாண்டுகளுக்கு மேலாக உழைத்து வருகிறார்கள். காட்டு மரங்களின் விதைகளைப் பொறுக்கி, நாற்றங்காலில் வளர்த்து, களைச்செடிகள் அடர்ந்து சீர்கெட்ட இடங்களில் பல இனக் கன்றுகளைக் கலந்து நடுகிறார்கள். இப்படி நட்ட இடங்களை 7 முதல் 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, தானாக வளர விடப்பட்ட சீர்கெட்ட இடங்களைவிட இங்கே மரங்களும் மர இனங்களும் மிகுந்திருந்தன. மூலக் காட்டின் சாயலுக்கு அவை நெருங்கி வந்திருந்தன. ஆனாலும் அந்த மூலக் காட்டுக்கு இன்னும் ஈடாகவில்லை. வெட்டுவதற்கு ஒரு நாள் போதும், மீட்பதற்கு ஓர் ஆயுள் வேண்டும்.

சிங்கராஜாவின் ஓரத்தில் வேறொரு பாடம் கிடைத்தது. அங்கே கரிபியன் பைன் மரத்தோட்டங்கள் இருந்தன. அந்தப் பைன் மரங்களின் இடையே மழைக்காட்டு மரக்கன்றுகளை நட்டு, 1990-களில் சோதித்தார்கள். முழு நிழலில் நின்ற கன்றுகளைவிட, சில வரிசைகளை வெட்டி ஒளி விட்ட இடங்களில் நின்றவை நன்றாக வளர்ந்தன. முழு வெயிலும் ஆகாது, முழு இருட்டும் ஆகாது. இதைக் கேட்டபோது நம் வெற்றிலைக் கொடிக்கால்தான் நினைவுக்கு வந்தது. கொடிக்கு அளவான நிழல் தர அகத்தியை முன்கூட்டியே விதைத்து வைப்பது நம் உழவர்கள் வழிவழியாக அறிந்ததுதானே!

நாம் என்ன செய்யலாம்?

டெல்டா மண் மழைக்காட்டு மண் அல்ல. குங்கிலியத்தை நன்னிலத்தில் நட முடியாது. ஆனால் காடு கற்பிக்கும் பாடத்தை நம் ஆலய வளாகத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் குளக்கரையிலும் பின்பற்றலாம்.

முதலாவது, ஒரே இனத்தை வரிசையாக நட வேண்டாம். வேம்பு, புங்கு, நாவல், இலுப்பை, புன்னை, மருதம், பூவரசு, மகிழம் என்று நம் மண்ணுக்கு உரியவற்றைக் கலந்து நடுவோம். ஒரே இனக் கன்றுகள் இரண்டு அடுத்தடுத்து வராமல் பார்த்துக்கொள்வோம். ஒரு நோய் வந்தாலும் எல்லாம் ஒருசேரப் போகாது.

இரண்டாவது, காலம் அறிந்து நடுவோம். கோடையில் ஒரு விழாவுக்காக நட்டுவிட்டு வெயிலிடம் ஒப்படைப்பதைவிட, ஐப்பசி, கார்த்திகை மழையில் நட்டால் வேர் பிடிக்கும். அதன்பின்னும் இரண்டு, மூன்று கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். நிழல் தேவைப்படும் கன்றுக்கு அருகில் அகத்தியை விதைக்கலாம், அல்லது பனையோலையைச் சாய்த்து வைக்கலாம்.

மூன்றாவது, பறவை நட்டதை மதிப்போம். துப்புரவு செய்கிறோம் என்று மதிலோரத்தில் தானாக முளைத்த கன்றுகளையெல்லாம் பிடுங்கி எறிகிறோம். கட்டடத்துக்குத் தீங்கு செய்யாத இடத்தில் வந்திருந்தால், அதைச் சுற்றி நான்கு முள்ளைக் கட்டிவிடுவோம். இடம் பார்த்து விதைத்தது நம்மைவிட நன்கு அறிந்த ஒரு கை.

நான்காவது, எத்தனை நட்டோம் என்று எண்ணுவதை விட்டு, எத்தனை வாழ்கின்றன என்று எண்ணுவோம். காட்டை ஆராய்பவர்கள் ஒவ்வொரு கன்றுக்கும் எண் கட்டி, ஆண்டுதோறும் திரும்பி வந்து பார்க்கிறார்கள். இறந்ததையும் மறைக்காமல் எழுதி வைக்கிறார்கள். நம் இளையோர் இயக்கமும் மறைக்கல்விப் பிள்ளைகளும் இதைச் செய்யலாமே! ஒரு குறிப்பேடு போதும்.

எங்கள் பங்கில் இப்போது அப்படித்தான் தொடங்கியிருக்கிறோம். நட்டவை முன்பைவிடக் குறைவு, வகைகள் முன்பைவிட அதிகம். முன்பு கேள்வி கேட்ட சிறுமி இப்போது வளர்ந்துவிட்டாள். குறிப்பேட்டை அவளே வைத்திருக்கிறாள். சென்ற முறை பார்த்தபோது ஓர் இலுப்பைக் கன்று இறந்திருந்தது. அதற்குப் பக்கத்தில், நாங்கள் நடாத ஒரு நாவல் கன்று இரண்டு இலை விட்டிருந்தது. எந்தப் பறவை கொண்டுவந்ததோ! இறந்ததையும் வந்ததையும் அவள் ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த முறை ஆலயத்துக்கு வரும்போது வேப்பமரத்தின் அடியில் சற்று நின்று பாருங்கள். அங்கே மடியும் கன்றுகளையும், மதிலோரம் நிமிரும் ஒன்றையும் உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். காவிரியின் தலைமாட்டில் நிற்கும் காட்டின் கதையை அங்கிருந்தே அவர்களுக்குச் சொல்லத் தொடங்கலாம்.